வீட்டு கீசர் பழுது: எந்த வேலைக்கு எவ்வளவு ஆகும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும்

ஐப்பசி மழை பிடித்ததும் கீசர் மெக்கானிக்குகளின் போன் ஓய்வதில்லை. கோடை முழுக்கத் தொடாமல் கிடந்த பெட்டிக்கு அப்போதுதான் சுவிட்ச் போடுகிறோம். தண்ணீர் சுடாது, அல்லது எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழும், அல்லது அடியிலிருந்து சொட்டும். வீட்டில் எல்லோரும் குளிக்கக் காத்திருக்கும் அந்த அவசரத்தில் யார் என்ன தொகை சொன்னாலும் தலையாட்டிவிடுவோம். இதே வேலையைப் புரட்டாசியில் செய்துகொண்டால் மெக்கானிக்கும் நிதானமாக வருவார், பேரம் பேசவும் இடம் இருக்கும்.

இங்கே பேசப்போவது தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் இருக்கும் 10, 15, 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசரைப் பற்றி. 3 லிட்டர் இன்ஸ்டன்ட் வகைக்கும் பெரும்பாலானவை பொருந்தும். கேஸ் கீசர் வேறு சாதி. எரிவாயு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய குளியலறைக்குள் அது மாட்டியிருந்தால் பழுது பார்ப்பதைவிட முதலில் வெளியே எடுத்து மாட்டச் சொல்லுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

கீசரின் அடி மூடியைக் கழற்றினால் சிக்கலான எதுவும் தெரியாது. தண்ணீரைச் சுட வைக்கும் காயில். குறிப்பிட்ட சூட்டில் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட். அது வேலை செய்யாமல் போனால் காப்பாற்றும் கட்-அவுட். டேங்க் துருப்பிடிக்காதபடி அதற்குப் பதிலாகத் தானே கரைந்துபோகும் மெக்னீசியம் ராடு. காயில் உட்காரும் தட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவே ரப்பர் கேஸ்கெட். குளிர்ந்த தண்ணீர் நுழையும் இடத்தில் சேஃப்டி வால்வு. இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடையில் கிடைக்கும், ஒரு மணி நேரத்துக்குள் மாற்றக்கூடியவை. டேங்க் ஓட்டையானால் மட்டும்தான் கீசர் உண்மையிலேயே முடிந்தது. “கீசர் போயிருச்சு சார், புதுசு வாங்கிடுங்க” என்று யாராவது சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: “டேங்க் ஓட்டையா? எங்கே, காட்டுங்க.”

பழுதின் வேர் தண்ணீரில்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு குழாய் உண்டு. சிறுவாணித் தண்ணீர் ஓடும் கீசரின் காயில் வருடக்கணக்கில் புதிதுபோல் இருக்கும். பக்கத்து வீட்டிலேயே போர் தண்ணீர் ஓடினால் காயில் சுண்ணாம்பு பூசி வெளியே வரும். சென்னையின் போர் தண்ணீர், லாரித் தண்ணீர் வீடுகளிலும் இதே கதைதான்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைக்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 600 வரை. பல போர்களின் தண்ணீர் இதையும் தாண்டும். சுட வைத்தால் கரைந்திருக்கும் பைகார்பனேட் பிரிந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சூடு கூடக் கூடப் படிவும் கூடும். தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைத்து, அப்புறம் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கிற வீடுகளில் காயில் சீக்கிரம் போவதற்கு இதுதான் காரணம். சூட்டை 55–60 டிகிரியில் நிறுத்தினாலே பாதி வேலை மிச்சம்.

உப்புப் படிந்தால் கரண்ட் பில் எகிறும் என்று சர்வீஸ் விளம்பரங்கள் பயமுறுத்தும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. காயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் அதன் சூடு வேறெங்கும் போக வழியில்லை. தாமதமானாலும் தண்ணீருக்குத்தான் போகும். நஷ்டம் வேறு இடத்தில். படிவு போர்த்திய காயில் தன் சூட்டை வெளியே விட முடியாமல் தானே கொதித்து வெடிப்பு விடுகிறது. தெர்மோஸ்டாட் உட்காரும் குழலைச் சுற்றிப் படிந்தால் அது தப்பாக உணர்ந்து முன்கூட்டியே அணைந்துவிடும். தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுபோகும்.

அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டுபிடிப்பது

தண்ணீர் சுடவே இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால் கீசரை விட்டுவிட்டு முதலில் பிளக்கைப் பாருங்கள். 2000 வாட் கீசர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் இன்ஸ்டன்ட் 13 ஆம்பியர். 16 ஆம்பியர் சாக்கெட் லூசாக இருந்தால் பிளக்கின் கால் கருகி, பிளாஸ்டிக் உருகியிருக்கும். எலெக்ட்ரீஷியனுக்கு இது பத்து நிமிட வேலை, பொருளோடு சில நூறு ரூபாய். இதற்குப் போய் கீசரையே கழற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பிளக் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் கட்-அவுட். சில மாடல்களில் அது ஒரு சின்னப் பொத்தான். அழுத்தினால் மீண்டும் வேலை செய்யும். ஆனால் அது ஏன் விழுந்தது என்று பார்க்காமல் அழுத்திவிட்டுப் போனால் அடுத்த வாரம் மறுபடியும் விழும்.

விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் சுடவில்லை: பெரும்பாலும் காயில் அறுந்திருக்கும்.

சுவிட்ச் போட்டதும் எம்.சி.பி.யோ ஆர்.சி.சி.பி.யோ (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது: காயிலின் மேல்குழாய் வெடித்து, உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடிக்குள் தண்ணீர் போயிருக்கும். குழாயைத் தொட்டால் லேசாக ஷாக் அடிப்பதும் இதனால்தான். அப்படி ஒரு முறை சுருக்கென்று இருந்தாலும் அதற்குப் பிறகு அந்த கீசரைப் போடக் கூடாது. “கீசரை ஆஃப் பண்ணிட்டுக் குளிச்சா போதும்” என்பது கரண்ட் வரும் வயருக்குப் பதில் நியூட்ரல் பக்கம் சுவிட்ச் வைத்து வயரிங் செய்த வீட்டில் காப்பாற்றாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் கீசர் வேலையோடு அதையும் போட்டுவிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே சோதிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் கொதிக்கிறது, குழாயில் ஆவி வருகிறது: தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது. உடனே எம்.சி.பி.யை அணையுங்கள். தண்ணீர் வரும் வால்வை மூட வேண்டாம். தானாக ஆற விட்டு, அதன் பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

உள்ளே படபடவென்று சத்தம்: அடியில் சேர்ந்த உப்புச் செதில்களுக்குக் கீழே தண்ணீர் கொதித்து வெடிக்கும் ஒலி. ஆபத்தில்லை, ஆனால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது.

அழுகிய முட்டை வாடை: ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டிவைத்துத் திரும்பியவர்கள் சொல்வது. தேங்கிய தண்ணீரில் பாக்டீரியா ராடோடு சேர்ந்து செய்யும் வேலை. முழுக்க வடித்துவிட்டு, 60 டிகிரிக்கு மேல் ஒரு முறை சுட வைத்து வெளியேற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

வெந்நீர் மட்டும் நூல் மாதிரி வருகிறது: டேங்க்கைத் தொடுவதற்கு முன் குழாய் முனையின் வலையையும், வளையும் கனெக்ஷன் பைப்பையும் கழற்றிப் பாருங்கள். உப்புத் துகள் அங்கேதான் அடைத்திருக்கும்.

சொட்டுகிறதா, ஒழுகுகிறதா

அதிகம் ஏமாற்றம் நடப்பது இங்கேதான். சேஃப்டி வால்விலிருந்து, கீசர் ஓடும்போது மட்டும், மெதுவாகச் சொட்டினால் அது பழுதே இல்லை. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்குச் சுட வைத்தால் சுமார் 200 மில்லி விரிவடையும். நுழைவழியில் ஒருவழி வால்வு இருப்பதால் அந்த ஒரு டம்ளர் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது, சேஃப்டி வால்வு வழியாக வெளியே வருகிறது. அதை அடைத்துவிட்டால் அழுத்தம் டேங்க்கின் தையலில் போய் நிற்கும்.

கீசர் அணைந்திருக்கும்போதும் சொட்டினால் வால்வு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். பைப் இணைப்பில் கசிந்தால் டெஃப்லான் டேப்போ வாஷரோ போதும், பிளம்பர் வேலை. அடி மூடியின் நடுவிலிருந்து தெளிந்த தண்ணீர் கசிந்தால் கேஸ்கெட். பழுப்புத் தண்ணீர் மூடியின் ஓரத்திலிருந்து வழிந்து, மூடியைக் கழற்றினால் உள்ளே டேங்க்கைச் சுற்றிய உறையும் நனைந்திருந்தால் மட்டும் டேங்க். பழைய இரும்புப் பைப் ஓடும் வீட்டில் துருத் தண்ணீர் பைப்பிலிருந்தும் வரும். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து அதிலும் பழுப்பு வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆளைக் கூப்பிடும் முன்

பில்லையும் வாரண்டி அட்டையையும் தேடி எடுங்கள். பொதுவாக மூன்று வேறு வாரண்டி இருக்கும்: முழுப் பொருளுக்கு ஒன்று, காயிலுக்கு அதைவிடக் கூடுதலாக ஒன்று, டேங்க்குக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக, ஐந்து முதல் ஏழு வருடம் வரை. பொருளின் வாரண்டி முடிந்துவிட்டதே என்று டேங்க் வாரண்டியை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். சின்ன எழுத்தில் உப்புப் படிவால் வந்த பழுது சேராது என்றும் போட்டிருக்கலாம், படித்துவிடுங்கள்.

கம்பெனி சர்வீஸ் வேண்டுமென்றால் அட்டையிலோ கீசரின் மேல் ஒட்டிய லேபிளிலோ இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். இணையத்தில் கம்பெனி பெயரோடு “சர்வீஸ் சென்டர்” என்று தேடினால் முதலில் வருவது பல நேரம் அந்தக் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்கள். கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள், வாரண்டி எண் கேட்க மாட்டார்கள், ரொக்கம் கேட்பார்கள்.

போனிலேயே மூன்று விஷயம் கேளுங்கள். விசிட்டிங் சார்ஜ் எவ்வளவு? வேலை செய்தால் அது பில்லில் கழியுமா? மாற்றும் பாகத்துக்கு எத்தனை மாதம் பொறுப்பு? லிட்டர், வாட், மாடல் பெயர், அறிகுறி ஆகியவற்றை நீங்களாகவே சொல்லிவிட்டால் சரியான காயிலோடு வருவார். இரண்டாவது விசிட் மிச்சம்.

வந்ததும் என்ன சோதிக்க வேண்டும்

நல்ல மெக்கானிக் முதலில் மல்டிமீட்டரை எடுப்பார். எம்.சி.பி.யை அணைத்து, மூடியைக் கழற்றி, காயிலின் இரண்டு முனைகளுக்கு இடையே மின்தடையை ஓம் கணக்கில் பார்ப்பார். 2000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும், 3000 வாட் என்றால் 17–18. ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. பிறகு ஒரு முனைக்கும் உலோகக் குழாய்க்கும் இடையே வைத்துப் பார்ப்பார். அங்கே எதுவும் காட்டக் கூடாது, காட்டினால் லீக்கேஜ். தெர்மோஸ்டாட், கட்-அவுட் இரண்டும் ஆறிய நிலையில் தொடர்ச்சி, அதாவது மின்சாரம் அறுபடாமல் போகும் வழி, காட்ட வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிகிற சோதனை. மீட்டரே எடுக்காமல், பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு விலை சொல்கிறவரை அனுப்பிவிடலாம், விசிட்டிங் சார்ஜ் போனாலும் பரவாயில்லை.

காயில் மாற்றுவதும் உப்பு எடுப்பதும்

காயிலை மாற்றுவதற்கு எப்படியும் டேங்க்கைத் திறந்தாக வேண்டும். எனவே இரண்டையும் ஒன்றாகச் செய்வதுதான் கணக்கு. காயிலை மட்டும் மாற்றி அடியில் உப்பை விட்டுவிட்டால், புதுக் காயிலும் அதே படிவுக்குள் போய் உட்காரும். வேலை நடக்கும் வரிசை இது:

1. எம்.சி.பி.யை அணைத்து, பிளக்கையும் பிடுங்க வேண்டும். வெந்நீர் இருந்தால் ஆற விட வேண்டும்.

2. கீசருக்கு வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டபின், நுழைவு பைப்பைக் கழற்றி டேங்க்கை வாளியில் வடிக்க வேண்டும். 15 லிட்டர் என்றால் ஒரு பெரிய வாளி நிறையும்.

3. வயர்களைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டை உருவி, தட்டின் போல்ட்டுகளைக் கழற்றிக் காயிலை இறக்குவார். உப்பு மிகுந்த வீட்டில் காயிலே அடையாளம் தெரியாது.

4. அடியில் குவிந்த செதில்களைக் கையால் வாரி, தண்ணீர் விட்டு அலச வேண்டும். காயில் நன்றாக இருந்தால் சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரிலோ வினிகரிலோ ஊற வைத்தால் படிவு நுரைத்துக் கழன்றுவிடும். கழிவறை கழுவும் ஆசிடை ஊற்ற விடாதீர்கள். பளபளவென்று வரும், ஆனால் செம்பையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அது அரித்துவிடும்.

5. மெக்னீசியம் ராடைப் பாருங்கள். விரல் பருமனில் இருந்தது கம்பி மாதிரி ஆகியிருந்தால் மாற்றிவிட வேண்டும். கண்ணாடிப் பூச்சு டேங்க்கின் ஆயுள் இந்த ராடின் கையில். மெக்கானிக் தானாக இதைப் பற்றிப் பேச மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். வீட்டுக்கே வாட்டர் சாஃப்டனர் போட்டிருப்பவர்களுக்கு உப்புப் பிரச்சினை குறையும், ஆனால் ராடு வேகமாகக் கரையும்.

6. புதுக் கேஸ்கெட். பழையதையே திருப்பிப் போட்டால் பத்து நாளில் கசியும். போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

7. நுழைவு வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயையும் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். காற்றுச் சத்தம் நின்று, தண்ணீர் முழு வேகத்தில் வந்த பிறகே சுவிட்ச். தண்ணீர் நிரம்பாமல் போட்டால் புதுக் காயில் நிமிடங்களில் எரிந்துவிடும். அதற்கு வாரண்டியும் கிடையாது.

8. சுட ஆரம்பித்த பின் மூடி போடாமலேயே கொஞ்ச நேரம் கசிவு பார்க்க வேண்டும். 15 லிட்டர், 2000 வாட் கீசர் 25 டிகிரித் தண்ணீரை 60-க்குக் கொண்டுவர 18–20 நிமிடம் எடுக்கும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் கூடுதல். அதன் பிறகு விளக்கு தானாக அணைகிறதா என்று பார்த்துவிட்டே ஆளை அனுப்புங்கள். அணைந்தால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது.

செலவு

ஊருக்கு ஊர், பிராண்டுக்குப் பிராண்டு மாறும். கீழே வருவது சுமார்க் கணக்கு, கேட்கும் விலை நியாயமா என்று எடைபோட உதவும்.

விசிட்டிங் சார்ஜ் 300 முதல் 500 ரூபாய். தெருவில் இருக்கும் எலெக்ட்ரீஷியன் இதைவிடக் குறைவாகவே வருவார். உப்பு எடுத்துச் சுத்தம் செய்யக் கூலி 500 முதல் 900. காயில் 600-லிருந்து 1,500 வரை, செம்பா இன்கலாயா (நிக்கல் கலந்த உலோகம்) என்பதைப் பொறுத்து. உப்புத் தண்ணீர் வீட்டுக்கு இன்கலாய் அல்லது கண்ணாடி பூசிய காயிலுக்குக் கூடக் கொடுப்பது வீண்போகாது. தெர்மோஸ்டாட் 250–600, கட்-அவுட் 150–350, ராடு 300–600, சேஃப்டி வால்வு 250–500. கேஸ்கெட் நூறு ரூபாய் விவகாரம்.

ஒரு வழக்கமான பில்லைப் போட்டுப் பார்ப்போம். காயில் 900, கேஸ்கெட் 100, ராடு 400, சுத்தம் செய்து மாட்டும் கூலி 500: மொத்தம் 1,900. கம்பெனி சர்வீஸ் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. 342 சேர்ந்து 2,242. இதே வேலைக்கு நாலாயிரம் கேட்டால் பாகம் வாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதுமே தொகை இறங்குவது சகஜம்.

டேங்க் மாற்ற 2,500 முதல் 4,500 வரை கேட்பார்கள். வாரண்டிக்குள் இருந்தால் மட்டும் டேங்க் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. இல்லாவிட்டால் அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்துப் புதிதே வாங்கிவிடலாம். காயில் போனதற்காக ஐந்து வயது கீசரைத் தூக்கிப்போடுவதும் அதே அளவு முட்டாள்தனம். புது கீசர் வாங்கினால் பழையதற்கு காயலான் கடையில் கிடைக்கும் பணத்தையும் கணக்கில் சேருங்கள். செம்பு டேங்க் என்றால் அது அற்பத் தொகை இல்லை, “நானே எடுத்துட்டுப் போறேன்” என்று மெக்கானிக் ஆர்வமாகச் சொல்வதற்குக் காரணமும் அதுதான். புதிதில் அடுக்குமாடிக்காரர்கள் பார்க்க வேண்டியது 8 பார் அழுத்தம் தாங்குமா என்பதை. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் என்று வைத்துக்கொண்டால், மேல் டேங்க்கின் கீழே பத்து மாடி இறங்கி இருக்கும் வீட்டின் நிலை புரியும். பிரஷர் பம்ப் வைத்த தனி வீட்டுக்கும் இது பொருந்தும். ஸ்டோரேஜ் கீசருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2082-இன் முத்திரை லேபிளில் இருக்க வேண்டும். நட்சத்திரக் குறியீடு, அணைந்த பின் எவ்வளவு நேரம் சூட்டைப் பிடித்துவைக்கிறது என்பதைச் சொல்கிறது; குளிக்கும் முன் மட்டும் போடுகிற வீட்டில் ஐந்து நட்சத்திரத்துக்குக் கூடுதல் பணம் பெரிதாகத் திரும்பாது.

வாடகை வீட்டில் யார் கொடுப்பது என்பது தனிச் சண்டை. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், டேங்க்கும் வயரிங்கும் வீட்டுக்காரர், காயிலும் சர்வீஸும் குடியிருப்பவர் என்று பேசி முடிப்பது பெரும்பாலான இடங்களில் ஒத்துப்போகிறது.

ஒத்துக்கொள்ளவே கூடாத ஒரு வேலை

“தெர்மோஸ்டாட் ஸ்டாக் இல்ல சார், இப்போதைக்கு டைரக்ட் பண்ணித் தர்றேன்.” தெர்மோஸ்டாட்டையோ கட்-அவுட்டையோ விட்டுவிட்டு வயரை நேராக இணைத்துவிடுவதற்கு இதுதான் பேச்சு. தண்ணீர் சுடும், பணமும் மிச்சம், எல்லாம் சரியாகத் தெரியும். ஒரு நாள் சுவிட்சை அணைக்க மறந்தால் டேங்க்குக்குள் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டும். அப்போது சேஃப்டி வால்வும் உப்பில் அடைத்திருந்தால் கீசர் வெடிக்கும். சுவர் பெயர்ந்த வீடுகளின் படங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பாகம் வரும் வரை இரண்டு நாள் அடுப்பில் வெந்நீர் வையுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

கழற்றிய பழைய காயிலை, தெர்மோஸ்டாட்டை உங்களிடம் தரச் சொல்லுங்கள். மாற்றாமலே மாற்றினேன் என்பது இந்த ஒரு பழக்கத்தால் நின்றுவிடும். பில்லில் பாகத்தின் பெயர், தேதி, எத்தனை மாதப் பொறுப்பு மூன்றும் இருக்க வேண்டும். கீசரின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, காயில் மாற்றிய மாதத்தையும் ராடு மாற்றிய மாதத்தையும் எழுதிவைத்தால் அடுத்து வரும் ஆளுக்கும் உதவும். போர் தண்ணீர் வீட்டுக்கு வருடம் ஒரு முறை, ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்தால் போதும்.

பொறுப்புக் காலத்துக்குள் அதே பாகம் மீண்டும் போய், கம்பெனியும் இழுத்தடித்தால், முதலில் புகார் எண்ணோடு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லும் பழைய பாகத்தின் படமும் கையில் இருந்தால் புகாரைப் பதிவுசெய்வது சுலபம்.